ஸ்லைடின் கொல்லைப்புறம்

காலையில் அறைக் கதவைத் திறந்ததும் படக்கா செய்கிற முதல் காரியம் கம்ப்யூட்டரைப் போடுவது. இரண்டாவது காரியம் மானிட்டரை அணைப்பது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று எண்ணி எலக்ட்ரீஷியனையே கையோடு கூட்டி வந்துவிட்டார். கறுத்த திரைக்கு முன்னால் ஒரு பெண்மணி விறைப்பாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன நினைப்பது?

“கரண்ட் எல்லாம் இருக்கு. என் கண்ணைத்தான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். போய் வேலையப் பாருங்க,” என்றாள் படக்கா.

அவள் வேலை அப்படி. அந்தக் கல்லூரியில் பார்வை இல்லாதவர்களும் பார்வை மங்கியவர்களுமாக ஒரு கைப்பிடி மாணவர்கள் படித்தார்கள். ஆசிரியர்கள் வகுப்புச் சுவரில் காட்டுகிற ஸ்லைடு அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து மாதிரியான அக்கிரமங்களைத் துடைத்து, பளிச்சென்று மாற்றித் தர வேண்டும். பார்வையே இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு குரல் எல்லாவற்றையும் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு மூளை கிடையாது. படத்தைக் கண்டால் ‘படம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அது என்ன படம் என்று யாராவது கூடவே எழுதி வைத்திருந்தால்தான் அதையும் படிக்கும். எழுத்து பெட்டி பெட்டியாக இருந்தால் கண் பார்க்கிற வரிசை அதற்குத் தெரியாது. ஆசிரியர் எந்தப் பெட்டியை முதலில் போட்டாரோ அதிலிருந்து ஆரம்பிக்கும். முடிவு முதலில் வரும், தலைப்பு கடைசியில் வரும், நடுவில் ‘அம்பு, அம்பு, அம்பு’ என்று போர்க்களம் மாதிரி கேட்கும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த அந்தக் கல்லூரி முழுக்க ஒரே ஆள்தான். படத்தைச் சொல்லும் அக்கா, படக்கா. பெயரை வைத்தது மாணவர்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவளுக்கே மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் உயர்ந்தது தன் கையால்தான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன பெண். டைப்ரைட்டிங் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பெருக்கித் துடைக்கப் போய், எல்லோரும் கிளம்பிய பிறகு உறை போட்ட மிஷின்களைத் திறந்து தானே அடித்துப் பழகினாள். பிறகு இந்தக் கல்லூரி வாசலில் ஒரு மேஜை போட்டு, படிக்கிறவர்களுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுத்தாள். இன்றைக்குப் பெரிய பெரிய நாற்காலியில் இருக்கிற பலர் அவள் விரலைத் தாண்டி மேலே போனவர்கள்தான். கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற டைப்பிஸ்டுகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். இவள் ஒருத்திதான் அதையும் பிடித்து உட்கார வைத்து வேலை வாங்கினாள். ‘என் கைக்கு வந்துட்டுப் போன ஃபைல்ல ஒரு தப்புக் காட்டுங்க பார்ப்போம்’ என்பது அவள் எல்லோரிடமும் விடுகிற சவால். இதுவரை யாரும் காட்டியதில்லை. அவளைக் கேட்டால் அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஆனால் சொல்வதற்கு ஆள் வேண்டுமே. அறை இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில். மேலே யாராவது லிஃப்டில் ஏறினால் இவள் மேஜை லேசாக அதிரும். ஆசிரியர்கள் ஃபைலை அங்கிருந்தே அனுப்பிவிடுவார்கள். திருத்தி இவள் இங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த அறைக்குள் நாள் முழுக்கப் பேசுகிற ஒரே ஆசாமி கம்ப்யூட்டர் குரல். ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி இருப்பதால் அதற்கு மூக்கடைச்சான் என்று பெயர் வைத்திருந்தாள்.

வீட்டிலும் அதே கதை. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவள் இருந்தாள். இன்னொன்றில் தம்பியின் பழைய கட்டில் இருந்தது. தம்பியை வளர்த்து ஆளாக்கி, கல்யாணம் செய்து, தனிக்குடித்தனமும் வைத்துக் கொடுத்தது அவள்தான். அவன் போன் செய்தால் முதல் வார்த்தை கேட்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

“என்ன, பிரிண்டரா?”

“எப்படிக்கா கண்டுபிடிச்சே?”

“வேற எதுக்குடா நீ எனக்கு போன் பண்ணுவே? பேப்பர் மாட்டிக்கிச்சா, மை தீர்ந்துபோச்சா?”

“பச்சை லைட்டு மின்னுது. உன் மருமகளுக்கு நாளைக்கு ப்ராஜெக்ட்டு.”

“பின்பக்க மூடியைத் திற. மெதுவா. உன் அவசரத்தை அதுகிட்ட காட்டாதே.”

பிரிண்டர் சரியானதும், “நீ தெய்வம்க்கா,” என்பான். போன் வைக்கப்பட்டுவிடும். தெய்வத்திடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

ஸ்லைடுக்கு ஒரு கொல்லைப்புறம் உண்டு என்று கண்டுபிடித்ததும் படக்காதான். வகுப்புச் சுவரில் விழுவது ஸ்லைடின் சட்டத்துக்குள் இருப்பது மட்டும். ஆனால் ஸ்லைடு தயாரிக்கும்போது வேண்டாததை ஆசிரியர்கள் அழிக்க மாட்டார்கள். இழுத்துச் சட்டத்துக்கு வெளியே ஓரமாகப் போட்டு வைப்பார்கள். சுவரில் தெரியாது. மூக்கடைச்சானுக்குத் தெரியும். அவன் வீட்டைப் படித்து முடித்ததும் கொல்லைப்புறத்தையும் ஒன்றுவிடாமல் படிப்பான். அங்கே என்னென்னவோ கிடக்கும். காய்கறி வாங்கும் குறிப்பு, பழைய பூப்படம், யாரோ யாருக்கோ எழுத ஆரம்பித்து நிறுத்திய ராஜினாமா. மாணவர்கள் காதில் விழுவதற்கு முன்னால் அத்தனையையும் கூட்டிப் பெருக்குவது படக்காவின் அன்றாடம்.

வருட ஆரம்பத்தில் ஆசிரியர் கூட்டத்தில் அவளுக்குச் சிறிது நேரம் ஒதுக்கினார்கள். விடுவாளா? யாருடைய ஸ்லைடு என்று சொல்லாமல் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மூக்கடைச்சான் நிதானமாகப் படித்தான்: “அம்பு. அம்பு. படம். தாவரங்களின் வேர் அமைப்பு. துறைத்தலைவர் உள்ளே வந்தால் இந்த ஸ்லைடைத் தாண்டிவிடு.”

ஹால் குலுங்கிச் சிரித்தது. துறைத்தலைவர் ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்தார்.

“சுவர்ல தெரியலைன்னு நிம்மதியா இருக்காதீங்க சார்,” என்றாள் படக்கா. “ஓரமா நீங்க ஒதுக்கிப் போடறது எல்லாம் கீழே ஒருத்தி காதுல விழுது. வேற யாருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும்.”

முன்வரிசையில் பாறை சார் உட்கார்ந்திருந்தார். புவியியல் ஆசிரியர். பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துவதாலும், அவரே ஒரு பாறை மாதிரி இருப்பதாலும் வந்த பெயர். மனைவி காலமான பிறகு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். வகுப்பில் பேசுவார், மற்றபடி ‘உம்’ என்பதே அவருக்குப் பெரிய சொற்பொழிவு. படக்கா பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்து கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனமாகக் கேட்கிறார், மனிதர் என்றால் இவர்தான் என்று படக்கா நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அவருடைய ஸ்லைடுகள் வந்தன. எரிமலைகள். மூக்கடைச்சான் எல்லாம் படித்து முடித்துவிட்டு, கொல்லைப்புறத்துக்குப் போனான்.

“சாப்பிட்டாச்சா?”

படக்கா நிமிர்ந்தாள். மறுபடி படிக்க வைத்தாள். “சாப்பிட்டாச்சா?” என்றான் மூக்கடைச்சான். மானிட்டரைப் போட்டுப் பார்த்தாள். எரிமலையின் வலதுபக்கம், சட்டத்துக்கு வெளியே, சின்னப் பெட்டியில் அந்த ஒரே வார்த்தை.

யாரைக் கேட்கிறார்? சுவரில் தெரியாது, மாணவர்களுக்குப் போகாது. கீழே ஒருத்தி காதில்தான் விழும் என்று அத்தனை பேர் முன்னால் அவளே சொல்லியிருக்கிறாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரைக் கேட்பார்?

அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். பிறகு அதட்டியும் கொண்டாள்.

அடுத்த வாரம், “மருந்து போட்டாச்சா?” அவளுக்கு அந்த வாரம் இருமல். அவர் படியில் போகும்போது அவள் இருமியதும் உண்டு. அதற்கடுத்த வாரம், “தூக்கம் எப்படி?”

அவளிடம் கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை, அதனால் இப்படிக் கேட்கிறார். பாறைக்குள்ளே ஈரம் இருக்கும் என்று அவர் ஸ்லைடிலேயே எழுதியிருக்கிறார். அப்படித்தான் படக்கா கணக்குப் போட்டாள்.

கேட்கிறவரைப் பதில் சொல்லாமல் நிறுத்தி வைப்பது மரியாதை இல்லை. திருத்தி முடித்த ஃபைலில் இரண்டு பிரதி எடுப்பது வழக்கம். ஒன்று கல்லூரி இணையத்தில் மாணவர்களின் பக்கத்துக்கு ஏறும். மற்றொன்று, இனி இதை வைத்துப் பாடம் நடத்துங்கள் என்று ஆசிரியருக்குத் திரும்பிப் போகும். மாணவர் பிரதியில் கொல்லைப்புறத்தைத் துடைத்தாள். ஆசிரியர் பிரதியில், அவர் எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி போட்டு, “சுமார்தான். விடியக்காலையில முழிப்பு வந்துடுது,” என்று எழுதினாள். அனுப்பிவிட்டு, என்ன காரியம் செய்தோம் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவரிடமிருந்து கோபம் வரவில்லை. கேள்விதான் வந்தது. “வெளியே நடந்தாச்சா?” இவள், முட்டி வலி, நடை குறைந்துவிட்டது என்று எழுதினாள். அடுத்த வாரம் பனிப்பாறை ஓரமாக, “படியில் பார்த்துப் போகணும்.” படித்ததும் படக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை படியில் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இறங்கினாள்.

நேரில் அவர் மாறவே இல்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார், அவ்வளவுதான். கூச்சம் என்று அவள் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் நேரில் கேட்கத் துணிச்சல் இல்லை. ஊருக்கெல்லாம் சவால் விடுகிறவளுக்கு இந்த ஒரு இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டு, ‘எதைச் சொல்றீங்க?’ என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால்? அறுபதை நெருங்குகிற வயதில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி என்ன நினைத்துக்கொண்டாள் பார் என்று இந்தக் கல்லூரி கைகொட்டிச் சிரித்தால்? கேட்காமல் இருக்கிறவரைக்கும் வாரத்துக்கு ஒரு வார்த்தை நிச்சயம். அதைப் பணயம் வைக்க அவள் தயாரில்லை.

மழைக்காலம் வந்தது. மழைப்பொழிவு பற்றிய பாடம். கொல்லைப்புறத்தில், “குடை எடுத்தாச்சா?” முந்தின நாள் அவர் தலையில் ஃபைலைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடியதை, தன் அறையின் கூரையோரச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். தன் நிலை இப்படி, கேள்வி மட்டும் எனக்கா என்று சிரித்துக்கொண்டே எழுதினாள்: “எடுத்தாச்சு. நீங்கதான் நேத்து நனைஞ்சீங்க. என்கிட்ட இன்னொரு குடை இருக்கு.”

அப்போது தம்பி போன் செய்தான். பிரிண்டர். இந்தமுறை சிவப்பு லைட்டு. ஒரு காதில் அவனை வைத்துக்கொண்டு, “அந்த மூடி இல்லடா, இந்தப் பக்க மூடி,” என்று சொல்லிக்கொண்டே இரண்டு பிரதிகளையும் அனுப்பி முடித்தாள்.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் வாயாடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புவியியல் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. மூன்று பேருக்கான பேச்சு அவளிடம் இருந்தது. அந்த அறைக்குத் தேடிக்கொண்டு வருகிற ஒரே மாணவி. அதுவும் பெரும்பாலும் சண்டை போடத்தான். ‘அக்கா, பாறை எந்த நிறம், எத்தனை அடுக்குன்னு சொல்லுங்க போதும். வானம் நீலப் பட்டு விரிச்ச மாதிரி இருக்குன்னு கவிதை எழுதாதீங்க, பரீட்சையில அதைக் கேக்க மாட்டாங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள்.

இன்று குச்சியை மடித்து மேஜைமேல் வீசிவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

“பாறை சார் என்னை வெளிய அனுப்பிட்டார் அக்கா.”

“என்ன வால்தனம் பண்ணினே?”

“நான் ஒண்ணுமே பண்ணல! எப்பவும் போல ஒரு காதுல இயர்போன், இன்னொரு காது சார்கிட்ட. மழை மேப் ஸ்லைடு. உங்க மூக்கடைச்சான் திடீர்னு, ‘குடை எடுத்தாச்சா, எடுத்தாச்சு, நீங்கதான் நேத்து நனைஞ்சீங்க, என்கிட்ட இன்னொரு குடை இருக்கு’ங்கறான். நான் கையைத் தூக்கி, ‘சார், இந்தக் குடை எந்தப் பகுதி மழைக்கு சார்?’னு கேட்டேன். நெஜமா சந்தேகம்தான் அக்கா! ஏதோ உதாரணம்னு நெனச்சேன். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. சார் நனைஞ்சதை முந்தாநாள் எல்லாரும் பார்த்திருக்காங்களாமே, எனக்கெப்படித் தெரியும்?”

படக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மேலே யாரோ லிஃப்டில் ஏறினார்கள், மேஜை அதிர்ந்தது.

“அப்புறம்?”

“கிண்டல் பண்றியான்னார். ‘ஸ்லைடுல இருக்கு சார்’னேன். ‘என் ஸ்லைடுல அப்படி எதுவும் இல்ல’ன்னார். அப்ப படக்கா திருத்தினப்போ வந்திருக்குமான்னு பின்னாடி ஒருத்தன் கேட்டான். நான்தான் விட்டுக் கொடுக்கல. ‘படக்கா கைக்கு வந்துட்டுப் போன ஃபைல்ல தப்பே வராது’ன்னு ஓங்கிச் சொன்னேன்.” வாயாடி மூக்கை உறிஞ்சினாள். “அப்படிச் சொன்னதும் நான்தான் புளுகறேன்னு ஆயிடுச்சு. வெளிய போன்னுட்டார். துறைத்தலைவர்கிட்ட மன்னிப்பு எழுதிக் குடுக்காம கிளாஸுக்குள்ள வரக்கூடாதாம். செய்யாத தப்புக்கு நான் எழுத மாட்டேன். அடுத்த வாரம் மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கையால பாறையைத் தொட்டுப் பார்க்கப் போற ஒரே நாள். அதுவும் போச்சு.”

அழாத பெண் அவள். அன்று குரல் உடைந்தது.

படக்கா மானிட்டரைப் போட்டாள். மாணவர் பக்கத்தில் ஏறியிருந்த ஃபைலைத் திறந்தாள். மழை மேப்பின் வலதுபக்கம் அவளுடைய பெட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிரதி மாறிப் போயிருந்தது. சரியான பிரதியை அதன்மேல் ஏற்றினால் தீர்ந்தது. குடை இருந்த சுவடே இருக்காது. மூக்கடைச்சான் உளறிவிட்டான் என்று சொன்னால் நம்புவதற்கு எல்லோரும் தயார். அவளுடைய விரல் ஃபைலை ஏற்றும் பொத்தான் மேல்தான் இருந்தது.

“சொல்லுங்க அக்கா, உங்க ஃபைல்ல தப்பு வருமா?” என்றாள் வாயாடி.

இத்தனை வருடம் தானே ஊதி ஊதி வளர்த்த பெருமை இப்போது இந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டு நின்றது. படக்கா விரலை எடுத்தாள்.

“வந்திருக்குடி. நீ கேட்டது நெஜம். இங்கயே உக்காரு. நான் மேல போயிட்டு வரேன்.”

“யார் எழுதினது அக்கா?”

“உக்காருன்னேன்ல.”

பாறை சாரின் அறை மூன்றாவது மாடியில். ஜன்னல் கட்டை முழுக்கக் கற்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சின்னச் சீட்டு. லேப்டாப் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், நாற்காலியைக் காட்டினார். படக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும்.

“சார், அந்தப் பொண்ணு புளுகல. ஃபைல்ல அந்த வரி இருக்கு. நான் எழுதினது.”

“எது?”

“குடை.”

அவர் புரியாமல் பார்த்தார். “என் ஸ்லைடுலயா? எதுக்கும்மா?”

“நீங்க கேட்டதுக்குப் பதில்.”

“நான் என்ன கேட்டேன்?”

அந்தக் கேள்விதான். இத்தனை மாதம் எதைக் கண்டு பயந்தாளோ, அந்தக் கேள்வியேதான். படக்காவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் பாதியில் நிறுத்துகிற ஜாதி இல்லை அவள்.

“குடை எடுத்தாச்சான்னு கேட்டீங்க. அதுக்கு முன்னாடி சாப்பிட்டாச்சான்னு. மருந்து போட்டாச்சான்னு. ஸ்லைடுக்கு வெளிய, ஓரத்துல. அதெல்லாம் எனக்குக் கேக்கும்னு வருஷ ஆரம்பத்துல கூட்டத்துல சொன்னேன். நீங்க முன்னாடி உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க.”

பாறை சார் லேப்டாப் பக்கம் திரும்பினார். திரையில் மழை மேப் இருந்தது. ஓரத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அவருடைய காது மடல் மெல்லச் சிவந்தது.

“அன்னைக்கு நான் அங்க உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்,” என்றார். “எதையும் கேட்ட ஞாபகம் இல்ல.”

படக்கா திரையின் ஓரத்திலிருந்த கேள்வியைக் கையால் காட்டினாள்.

“அது எனக்கும்மா. பாடம் நடத்தும்போது என் லேப்டாப்புல ஓரமும் தெரியும். வீட்ல அவங்க இருந்தவரைக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டே இருப்பாங்க. சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சான்னு. கேட்டாத்தான் எனக்கு ஞாபகம் வரும். அதான் நானே…” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

“நான் எழுதின பதில் எல்லாம்?” என்றாள் படக்கா.

“நீங்க திருப்பி அனுப்பற ஃபைலை நான் திறந்ததே இல்ல. என்னோடதையே வெச்சுத்தான் நடத்தறேன். மன்னிச்சுக்கணும்.”

அந்த நொடியில் படக்காவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“திறந்ததே இல்லையா? வருஷம் பூரா ராத்திரி பகலாத் திருத்தி அனுப்பறேன் சார்! பெட்டி வரிசை மாத்தியிருக்கேன், மேப்புக்கெல்லாம் வார்த்தை போட்டிருக்கேன், சிவப்பும் பச்சையும் பக்கத்துல வெச்சு நீங்க பண்ற கொடுமையைச் சரி பண்ணியிருக்கேன். நீங்க பழையதையே சுவர்ல போட்டு, ‘இதோ இங்க பாருங்க’ன்னு கையைக் காட்டினா, பார்வை மங்கின பசங்க எங்க போய்ப் பார்ப்பாங்க? கீழே ஒருத்தி என்னத்துக்கு உக்காந்திருக்கா?”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். கடைசி வார்த்தை வேலையைப் பற்றியது மட்டும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. பாறை சார் தலையைக் குனிந்தபடி நின்றார்.

“தப்புதாம்மா,” என்றார்.

“அந்தப் பொண்ணை நாளைக்கு உள்ள கூப்பிடுங்க. மன்னிப்பு ஒண்ணும் எழுத மாட்டா. வேணும்னா நான் வந்து கிளாஸ்ல சொல்றேன், என் வரிதான்னு.”

“நீங்க வர வேண்டாம். நான் பார்த்துக்கறேன்.”

படி இறங்கும்போது அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. வேகமாக இறங்கினாள், முட்டி விண்ணென்று தெறித்தது. கீழே வாயாடி சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “சார் உன்னைக் கூப்பிட்டுக்குவார், கிளம்பு,” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, படக்கா ஃபைலை மாற்றி ஏற்றினாள்.

மறுநாள் வாயாடி ஓடாத குறையாக வந்தாள். “அக்கா! சார் கிளாஸ்ல என்ன சொன்னார் தெரியுமா? குடை வரி அவரே எழுதினதாம். பழைய ஸ்லைடுல எப்பவோ எழுதி மறந்துபோச்சாம். எல்லார் முன்னாடியும் என்கிட்ட சாரி கேட்டார். பாறை சார்! சாரி! மலைக்கு முன்சீட்டுல என்னைத்தான் உக்கார வெக்கறாராம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அவர் எழுதல, இல்லக்கா?”

“அவர்தான் சொல்லிட்டாரே. அப்புறம் என்ன ஆராய்ச்சி?”

“சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல.” வாசல்வரை போய்த் திரும்பினாள். “இருந்தாலும் அந்த வரி நல்லா இருந்துச்சு அக்கா. மழையைப் பத்தி அந்த ஒரு வரிதான் எனக்குப் புரிஞ்சுது.”

அடுத்த வாரம் பாறை சாரின் ஃபைல் வந்தது. படக்கா மானிட்டரை அணைத்துவிட்டுக் கேட்டாள். தலைப்பு முதலில் வந்தது. பெட்டிகள் பார்க்கிற வரிசையில் வந்தன. அம்புகளின் கூச்சல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் சுருக்கமாக வார்த்தை இருந்தது: ஆற்றின் குறுக்குவெட்டு, மூன்று அடுக்கு, மேலடுக்கு மணல். நிறங்களைப் பார்ப்பதற்கு மானிட்டரைப் போட்டாள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் இல்லை. கோடுகளுக்குப் புள்ளி, பட்டை என்று தனித்தனி அடையாளம் கொடுத்திருந்தார். அவள் எப்படிச் செய்வாளோ அப்படி. அவளுடைய பழக்கம் ஒன்றுகூட விடாமல்.

இதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் கற்றுக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. அவள் இத்தனை நாள் திருப்பி அனுப்பிய ஃபைல்கள் எல்லாவற்றையும் அவர் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் ஓரத்தில் இருந்ததையும் பார்த்திருப்பார். சுமார்தான். விடியக்காலையில முழிப்பு வந்துடுது. முட்டி வலி. எல்லாவற்றையும்.

மானிட்டரை அணைத்தாள். மூக்கடைச்சானைக் கடைசி ஸ்லைடுவரை படிக்கச் சொன்னாள். “ஸ்லைடு முடிந்தது,” என்றான் அவன். ஓரத்தில் எதுவும் இல்லை. முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டாள். சுத்தமாகப் பெருக்கி வைத்த கொல்லைப்புறம்.

அன்று தம்பியின் போன் வந்தது. பிரிண்டர் பிரச்சினை தீர்ந்ததும் அவளே பேச்சை நீட்டினாள்.

“இங்க ஒரு புரொபசர் டேய். அவர் ஸ்லைடுல இப்ப கை வெக்கவே வேண்டியதில்ல. அப்படிப் பண்றார். எல்லாம் என் ஃபைலைப் பார்த்துப் படிச்சதுதான். இந்தக் கல்லூரியில ஒருத்தரை அந்த அளவுக்குக் கொண்டுவந்தது நான்தான், தெரிஞ்சுக்கோ.”

“அப்ப உனக்கு வேலை மிச்சம்னு சொல்லு.”

“ஆமா,” என்றாள் படக்கா. “மிச்சம்.”

அந்த வருடத்தின் மீதி நாள் முழுக்க அப்படியே வந்தது. வாரம் தவறாமல் ஃபைல் வரும். அவள் இருட்டில் உட்கார்ந்து முழுதாகக் கேட்பாள். ஒன்றுக்கு இரண்டு தடவை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அவர் இப்போது நின்று, “வணக்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் வணக்கம் சொன்னாள். மழை பெய்த ஒரு நாள் அவர் கையில் புதுக் குடை இருந்ததை ஜன்னலில் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஃபைலைத் திருப்பி அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுத வேண்டும் என்பது கல்லூரி விதி, எது எது மாற்றப்பட்டது என்று. வேறு ஆசிரியர்களுக்கு அது பக்கம் நிறைய நீளும், திட்டும் சேர்ந்துகொள்ளும். பாறை சாருக்கு எழுத அவளிடம் ஒரே வரிதான் இருந்தது. அதை அடித்து, ஒருமுறை படிக்கவைத்துக் கேட்டு, அனுப்பினாள்.

“திருத்தம் எதுவும் இல்லை.”